கோவைக்கொடியின் முதல் குச்சி

எனக்குப் பூசணி தெரியும், புடலை தெரியும், பாகல் தெரியும். கோவை தெரியாது. தெரியாது என்பதே இந்த வயதில், மாண்ட்ரியாலில், இன்னொருத்தி வீட்டுப் பால்கனியில் நின்றபோதுதான் தெரிந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம். பிள்ளை வேலைக்குப் போனபின் வீடு முழுக்க என்னுடையதுதான்.

மாண்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாதாகோயில். அதன் பின்புறம் ஒரு கண்ணாடி வீடு உண்டு. முன்பு கோயில்காரர்கள் பூச்செடி வளர்த்தார்களாம். பார்க்க ஆள் இல்லாமல் போனதும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வெளியே பனி இடுப்பளவு கிடந்தாலும் உள்ளே சூட்டுக்குழாய் ஓடும். கண்ணாடியில் தண்ணீர் வழியும். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வேலை பார்க்கலாம். அங்கே சூட்டு நாட்டுச் செடிகளுக்கு ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறோம். வருஷாவருஷம் விதைக்கிற கத்தரி, வெண்டை எல்லாம் அங்கே இல்லை. ஒரு தரம் வைத்தால் வருஷக்கணக்காக நின்று சோறு போடுகிறவை மட்டும்தான்: கருவேப்பிலை, முருங்கை, வெற்றிலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பிரண்டை. கோடையில் ஆளாளுக்குத் தங்கள் பால்கனிக்கு எடுத்துப் போவார்கள். உறைபனி விழும் முன் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். சென்னையிலிருந்து ரொம்ப காலத்துக்கு முன்பே வந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மாதான் பொறுப்பு.

செடி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கடையிலிருந்துதான். பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்து நம்மூர்க் கடைகளில் பொன்னாங்கண்ணிக் கட்டு வரும். இலைக்காக வாங்குகிறவர்கள் தளிராகப் பார்ப்பார்கள். நான் தண்டைப் பார்ப்பேன். முற்றின தண்டு, கணு தடித்தது, கணுவில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது என்றால் அந்தக் கட்டு எனக்கு. இலையைக் கிள்ளி அன்றைக்குச் சமைத்துவிட்டு, தண்டைத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் வேர். வல்லாரையில் பத்துக் கட்டைப் புரட்டினால் ஒன்றில் வேர்த்துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அது போதும்.

அப்படி ஒரு நாள் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு கையும் புரட்டியது. என்னைவிடச் சில வயது இளையவள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் கண்ணாடி வளையல்.

"நடுறதுக்கோ அக்கா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சமைக்கிற ஆக்கள் இலையைப் பாப்பினம். நீங்கள் தண்டைப் பாக்கிறியள்."

யாழ்ப்பாணத்துக்காரி. அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்தில் மகன், மருமகளோடு இருந்தாள். அந்தக் கடைக்குள்ளேயே சிநேகமாகிவிட்டோம். நான் அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிடப் பழகினேன். நாற்றங்காலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. கைராசிக்காரி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? மற்றவர்கள் வைத்தால் வாடும் வெற்றிலைக் கணு நான் வைத்தால் பிடிக்கும். வசந்தம் வந்து வெளியே பனி கரைந்ததும் கண்ணாடி வீட்டில் ஒரு சின்ன விளக்கு ஏற்றி, ஒரு தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அந்த வருஷத்து முதல் குச்சியை நடுவோம். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் சுற்றி நிற்பார்கள். குச்சியை வைப்பது என் கை. அது ஒரு எழுதாத சட்டம் மாதிரி ஆகியிருந்தது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி எங்கள் ஜன்னலிலிருந்து தெரிகிற தூரம்தான், அப்படியும் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தால் மணலாக இருந்தது. தங்கச்சிதான் பனியில் பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு டப்பா. கோவைக்காயை மெல்லிசாக அரிந்து, மிளகாய்த்தூள் போட்டு, மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"எங்கட பல்கனியில காய்ச்சது, அக்கா. வெட்டி ஐஸ்பெட்டியில வைச்சிருந்தனான். ஒரு வாய் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். அவர் போனபின் ருசி தெரிந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். தட்டை வழித்துவிட்டு, "தங்கச்சி, வசந்தத்துல இந்தக் கொடியில ஒரு துண்டு குடு. கண்ணாடி வீட்டுல வைப்போம். எல்லாரும் சாப்பிடட்டும்" என்றேன்.

"ஓம் அக்கா, அதுக்கென்ன" என்றாள்.

வசந்தம் வந்தது. கண்ணாடி வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். தொட்டிக்குப் பொட்டு வைத்தார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்தது. நெற்றியில் குங்குமம் இல்லாதவள் மங்கள காரியத்தில் கை வைக்கலாமா என்று ஒருவருக்கொருவர் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். ஒரு அம்மாள் மெதுவாக, "இந்த வருஷம் வேணும்னா வேற யாராவது..." என்று இழுத்தார்.

தங்கச்சி குறுக்கே புகுந்தாள். "ஏன் வேறை ஆள்? இவ்வளவு நாளும் அக்கா தாலியைக் கையிலயோ கட்டியிருந்தவ? கை அதே கைதானே. அக்காவே வைக்கட்டும்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். என் கண் நிறைந்துவிட்டது. ஈரத் துணியில் சுற்றிவந்த கோவைக் குச்சியை அவளே என் கையில் கொடுத்தாள். "நீங்களே வையுங்கோ, அக்கா." வைத்தேன். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. கூடப் பிறந்தவளுக்குக்கூட அன்றைக்கு நான் அவ்வளவு நன்றியோடு இருந்திருக்க மாட்டேன்.

குச்சி பிடித்தது. பிடித்தது என்ன, கண்ணாடிக் கூரை வரை ஏறிவிட்டது. ஆவணி வாக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஒரு காய் இல்லை.

"எப்ப காய்க்கும், பெரியம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆண் பூ முதல்ல வரும். பெண் பூ பின்னாடி வரும். பூசணி அப்படித்தானே" என்றேன். எனக்குத் தெரிந்த கணக்கு அது. பூசணியில் ஒரே கொடியில் இரண்டு பூவும் வரும். புடலையும் பாகலும் அப்படித்தான். கோவை மட்டும் வேறு ஜாதியா என்ன?

தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் அடுத்த கட்டை எடுத்தாள்.

குளிருக்குக் கொடியை ஒட்ட வெட்டி வைத்தேன். வெட்டிய துண்டுகளையெல்லாம் வேர்விட வைத்து, அடுத்த வசந்தத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் வரைக்கும் போயிற்று என் கோவைக்கொடி. "இந்த வருஷம் காய்க்கும். நான் சொல்றேன்" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக் கொடுத்தேன். அந்த வருஷமும் பூத்தது. ஊர் முழுக்கப் பால்கனி பால்கனியாக வெள்ளைப் பூ. காய் இல்லை.

அப்புறம்தான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. நான் தொட்டி அடுக்கின தட்டுக்குப் பின்னால் குனிந்து மண் கலக்கிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் அந்தப் பக்கம் இரண்டு பேர்.

"முன்னாடி அவங்க என்ன வச்சாலும் வரும்ல. அவர் போனப்புறம் கை மாறிடுச்சு, பாவம்."

"அன்னைக்கே யோசிச்சிருக்கணும். முதல் குச்சியே அவங்க கையால வச்சது."

மூன்றாவதாக ஒரு குரல், "ம்ம்" என்றது. தங்கச்சியின் குரல். சண்டை வேண்டாமென்று பொறுத்துப் போகிறாள் என்று நினைத்தேன். என் மனசு அப்படித்தான் நினைத்தது. மண்ணைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவர்கள் போகும்வரை குனிந்தே இருந்தேன்.

அவள் வீட்டுக்கு நான் அடிக்கடி போகிறவள்தான். பின்பக்கப் பால்கனியில் கோவை அடர்ந்து கிடக்கும். கம்பியெல்லாம் கொடி. காயும் தொங்கும், வெள்ளைப் பூவும் நிறைய இருக்கும். ஒரே கொடி என்றுதான் பார்த்திருந்தேன். ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தால் யாருக்குப் பிரித்துத் தெரியும்?

அந்த ஆவணியில் ஒரு நாள், எதற்கு என் கொடி மட்டும் இப்படி என்று அவளிடமே கேட்டுவிடுவோம் என்று போனேன். வீட்டில் மருமகள்தான் இருந்தாள். இங்கேயே வளர்ந்த பெண். கள்ளம் கபடம் தெரியாது.

"வாங்கோ அன்ரி. மாமி டெபானெர் கடைக்குப் பால் வாங்கப் போட்டா. இப்ப வந்திடுவா. பல்கனிக்கு வாறதெண்டால் பாத்து வாங்கோ. வீட்டுச் சொந்தக்காரன் கம்பிக்குப் பெயின்ற் அடிக்க ஆள் அனுப்பியிருக்கிறான்."

கம்பியிலிருந்த கொடியையெல்லாம் அவிழ்த்துத் தரையில் பரப்பியிருந்தார்கள். இரண்டு தொட்டி. இரண்டு கொடி. ஒன்றில் விரல் விரலாகக் காய். இன்னொன்றில் பூ மட்டும்.

"இது ரெண்டு கொடியா?" என்றேன்.

"ஓம் அன்ரி. ரெண்டும் ஸ்கார்பரோவில இருந்து கொண்டுவந்தது. உது பொம்பிளை. இது ஆம்பிளை. ஒரு வேலையும் செய்யாது. பூத்துக்கொண்டு சும்மா நிக்கும், எங்கட வீட்டு ஆம்பிளையளை மாதிரி!" என்று சிரித்தாள். "ஆரும் நடுறதுக்குக் கண்டு கேட்டால் மாமி இதிலதான் வெட்டிக் குடுப்பா. காய்க்கிறதில கத்தி வைக்க விடமாட்டா."

குனிந்து பார்த்தேன். காய்க்கிற கொடியில் பூவுக்குக் கீழே நெல்மணி போல ஒரு பிஞ்சு, பூக்கும்போதே இருந்தது. மற்றதில் பூ வெறும் காம்பில் நின்றது. இரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த வெறும் காம்பைத்தான். பெண் பூ பின்னாடி வரும் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது எந்தக் காலத்திலும் வராது. அவளுக்கு அது தெரியும்.

வாசலில் செருப்புச் சத்தம். "அக்கா! எப்ப வந்தனீங்கள்? தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"எந்தத் தொட்டியில வெட்டின, தங்கச்சி?"

"எதை?"

"எனக்குக் குடுத்ததை."

அவள் பரப்பிக் கிடந்த கொடிகளைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். தங்கச்சி பால் பையை மேசைமேல் வைத்தாள்.

"நீங்கள் கொடி கேட்டனீங்கள். கொடி தந்தனான்."

"பொரிச்ச காயைத் தின்னுட்டுக் கொடி கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் பையின் ஈரத்தைக் கையால் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாத்தையும் உங்கட கையிலயே குடுத்துப்போட்டு நான் என்னத்தை வைச்சிருக்கிறது, அக்கா? வெத்திலைக்கும் உங்களிட்டை, பொன்னாங்காணிக்கும் உங்களிட்டை. என்னட்டை ஆக்கள் வாறது இந்தக் காய் ஒண்டுக்குத்தான்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் உன் கழுத்தையா பிடிச்சிருப்பேன்?"

அவள் பையை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"என் தாலி போனதை வச்சுப் பேசினாங்க. நீ பக்கத்துல இருந்த."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, அக்கா."

"நீ ஒண்ணும் சொல்லலை. அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் பாலை எடுத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள். கதவை மூடவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேநீர் குடிக்காமல் வந்தேன். அந்த வீட்டிலிருந்து அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. மெட்ரோவில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். மெர்சி என்று நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை.

புரட்டாசி முடிவில், செடிகளை உள்ளே கொண்டுவருகிற நாளில், எல்லோரும் கூடியிருந்தபோது நான் எழுந்து நின்று சொன்னேன். "நான் குடுத்த கோவை எல்லாம் ஆண் கொடி. அது காய்க்காது. இதுல காய்க்கிறது தனிக் கொடி. என் கையில கோளாறு இல்லை."

தங்கச்சி எங்கே வெட்டினாள் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். குச்சி அவள் கொண்டுவந்தது என்று எல்லோருக்கும் தெரியுமே.

அவள் சிரித்தாள். இவ்வளவு அழகாகச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. "ஐயோ, என்னால வந்த வினை! நாங்கள் ஊரில கொவ்வை இலையைத்தானே வறை செய்து சாப்பிடுறனாங்கள். இலைக்கு எந்தக் கொடியெண்டால் என்ன? இந்தியா ஆக்கள் காயைத் தேடுவினமெண்டு ஆர் கண்டது?"

கண்ணாடி வீடே சிரித்தது. "பாருங்களேன், நம்ம ஊருக்கும் அவங்க ஊருக்கும்!" என்றார் டாக்டரம்மா. தேங்காய்ப்பூ போட்டு வதக்குகிற அந்த இலை வறை எப்படிச் செய்வது என்று இரண்டு பேர் அவளிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தார் கோவை இலை சாப்பிடுவது உண்மைதான். அதனால்தான் அந்தப் பொய்க்கு அவ்வளவு பலம்.

பனியில் அவள் கொண்டுவந்த அந்த டப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொறுமொறுவென்று பொரித்த காய், மிளகாய்த்தூள், நான் வழித்த தட்டு. ஒரு வார்த்தை போதும், அவள் முகம் விழுந்திருக்கும். வாய் வரவில்லை. துக்க வீட்டில் ஒருத்தி கொடுத்ததைத் தின்றுவிட்டு, அதைச் சபையில் எடுத்துச் சொல்ல நான் வளர்ந்த வீட்டில் என்னைப் பழக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சிரித்தாள்.

அடுத்த வசந்தத்தில் அவளே காய்க்கிற கொடியிலிருந்து குச்சிகள் வெட்டிக் கொண்டுவந்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். விளக்கு ஏற்றினார்கள். தொட்டிக்குப் பொட்டு வைத்தார்கள். முன்பு "வேற யாராவது" என்று இழுத்த அதே அம்மாள், இந்தத் தடவை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் கையில் கோளாறு இல்லை என்று முடிவாகிவிட்டதல்லவா.

தங்கச்சி ஈரத் துணியைப் பிரித்து ஒரு குச்சியை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "நீங்களே வையுங்கோ, அக்கா."

அதே குரல். அதே வார்த்தை. வாங்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சைத் தண்டு, நாலு கணு. பூ இல்லாத குச்சியில் ஆண் என்ன, பெண் என்ன? யாராலும் சொல்ல முடியாது. வெட்டினவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"எந்தத் தொட்டி?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"காய்க்கிறதுதான், அக்கா. பிள்ளையாணை."

பிள்ளைமேல் ஆணையிட்டாள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் முன்பெல்லாம் அவள் எனக்கு ஆணையிட வேண்டியிருந்ததில்லை. 'ஓம் அக்கா, அதுக்கென்ன' என்றால் போதுமாக இருந்தது. இனிமேல் அவள் கையிலிருந்து வாங்கும் ஒவ்வொரு குச்சிக்கும் நான் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு காத்திருக்க எனக்கு வயது இல்லை.

குச்சியை அவள் உள்ளங்கையில் திரும்ப வைத்தேன். "நீயே வை, தங்கச்சி" என்றேன், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. "காய்ச்சா உன் கை. காய்க்காட்டியும் உன் கை."

யாரும் சிரிக்கவில்லை. அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து வைத்தாள். ஒரு கணுதான் மண்ணுக்குள் போயிற்று. இரண்டு போக வேண்டும். எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

காய்த்தது என்று சொன்னார்கள். ஒரு பை நிறைய என் வீட்டுக் கதவுக் குமிழில் ஒரு நாள் தொங்கியது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு வங்காளக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடி வீட்டுக்கு இன்னும் போகிறேன். பொன்னாங்கண்ணி மேசை என்னுடையது. அவள் அந்தக் கோடியில் இருப்பாள். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் வேறு யாரையாவது விட்டுக் கேட்பாள்.

என் ஆண் கொடியை நான் தூக்கிப் போடவில்லை. பெண் கொடிக்குத் துணையாகக் கண்ணாடி வீட்டில் நிற்கிற ஒன்றைத் தவிர மற்றவர்களெல்லாம் போட்டுவிட்டார்கள். என் பால்கனியில் ஏறி, மேல்வீட்டுக் கம்பியையும் பிடித்துவிட்டது. காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒரு நாள் இலையைக் கிள்ளிப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, அவள் அன்றைக்கு எல்லோருக்கும் சொன்ன மாதிரியே வறை செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.